வால்வின் பயம்

பனி விழும் மலையூர் ஒன்றில், காற்றை உள்ளிழுத்து, எரிவாயுவை எரித்து, ஊருக்கே மின்சாரம் தந்த டர்பைன் ஒன்று இருந்தது. அது அழுத்திச் சூடாக்கிய காற்றில் கொஞ்சத்தை எடுத்து, அதன் வாசலில் நுழையும் குளிர்காற்றோடு கலப்பது ஒரு சின்ன வால்வின் வேலை.

ஒருநாள் காலை வால்வு அகலத் திறந்தது. டர்பைனின் பலம் குறைந்தது.

"என் சூட்டை ஏன்டா திருடுறே? மூடு!" என்று சீறியது டர்பைன்.

"வாசல்ல பனிக்கட்டி கட்டுதுண்ணே. அது உடைஞ்சு உள்ளே வந்தா உங்க பிளேடெல்லாம் போயிடும்."

"எனக்கு எதுக்கும் பயமில்லை."

"தெரியும்ணே. அதான் உங்களுக்கும் சேர்த்து நான் பயப்படுறேன்."

வால்வு மூடவில்லை. பனிக்கட்டி உருகிச் சொட்டியது. வெயில் ஏறியதும், யாரும் சொல்லாமலே வால்வு மூடிக்கொண்டது.

டர்பைன் முழு மூச்சில் முழங்கியது. "பார்த்தியா என் பலத்தை?"

"பார்த்தேன்ணே!" என்ற வால்வுக்குப் பெருமை தாங்கவில்லை.