ஷோபனாவின் தங்கம்

ஷோபனாவின் ரேஸ் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான் தயாளன். சைக்கிள் சங்கச் செயலாளர் உமேஷ் போன் செய்தார்.

“குட் நியூஸ், தயாளன் குரு! போன வருஷம் உங்க மனைவியைத் தோற்கடிச்சவ ஊக்கமருந்து போட்டது உறுதியாயிடுச்சு. தங்கம் இப்ப ஷோபனாவுக்கு!”

“அன்னிக்கே புகார் கொடுத்தோமே சார். தோத்தவங்க புலம்பல்னு சிரிச்சீங்க.”

“அதை விடுங்க. ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழா. நேர்மையான வீராங்கனைன்னு மேடையில பேசப்போறேன். கூட்டிட்டு வாங்க.”

“வரமாட்டா சார்.”

“இன்னும் கோபமா?”

“இல்ல. நீங்க சிரிச்ச அப்புறம் அவளும் அதே ஊசியைப் போட ஆரம்பிச்சா. போன வாரம் ஓசூர் ரோட்டுல பயிற்சி பண்றப்பவே இதயம் நின்னு செத்துட்டா.”

உமேஷ் குரலைத் தாழ்த்தினார்.

“சரி, நீங்களே வந்து வாங்கிக்கோங்க குரு. ஊசி விஷயம் மட்டும் வெளியே வேணாம்.”