நடு மேஜை

மூலையில் ஒரு மேஜை கேட்டிருந்தேன். கொண்டுபோய் நட்ட நடுவில் உட்கார வைத்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தின நாளே போன் போட்டு, எடுத்த பெண்ணிடம் வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது, வலது கை இன்னும் வரவில்லை, இடது கையில்தான் சாப்பிடுவார், யாரும் பார்க்காத இடமாகக் கொடு என்று.

"சரிங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

பார்த்துக்கொண்ட லட்சணம் இது.

மோகனூர் ரோட்டில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை இத்தாலி ஓட்டலாக்கியிருந்தார்கள். மொத்தமே ஆறு மேஜை. மூலை மேஜை காலியாகத்தான் கிடந்தது. கேட்டால், வேறு யாருக்கோ எடுத்து வைத்திருக்கிறார்களாம். போதாததற்கு, இரண்டடி தள்ளி அடுத்த மேஜையில் துப்பட்டா போட்ட ஒருத்தி தனியாக உட்கார்ந்திருந்தாள்.

என் வீட்டுக்காரர் காளிதாஸ், லாரிக்குப் பாடி கட்டுகிறவர். கல்யாண வீடென்றால் முதல் பந்தியில் இருப்பார். பாயசத்தை இலையிலேயே ஊற்றச் சொல்லி வழித்துச் சாப்பிடுகிற ஆள். கை விழுந்த பிறகு, சொந்தத் தங்கச்சி மகள் கல்யாணத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். இடது கையை இலையில் வைத்தால் ஊரே பார்க்குமாம். வீட்டிலும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டுதான் சாப்பாடு. நான்கூடப் பார்க்கக் கூடாது.

இன்றைக்கு எங்களுக்கு இருபத்தைந்தாவது கல்யாண நாள். ஒரு வேளையாவது அவர் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

முள்கரண்டியில் சாப்பிடுகிற இடமென்றால் எந்தக் கை என்று யார் கவனிக்கப்போகிறார்கள் என்று நினைத்துத்தான் இங்கே கூட்டி வந்தேன். வந்து பார்த்தால், சுற்றிலும் இருந்த காலேஜ் பிள்ளைகள் அத்தனை பேரும் வலது கையில்தான் பிடித்திருந்தார்கள்.

ஸ்பகெட்டி வந்தது. நூடுல்ஸுக்கு அண்ணன் மாதிரி இருந்தது. வாசனையைக் குறை சொல்ல முடியாது.

அவர் தொடவில்லை.

"பார்சல் கட்டச் சொல்லு புள்ள. ஊட்டுக்குப் போலாம்."

"ஒரே ஒரு வாய் சாப்பிடுங்க. எனக்காவ."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். சரி, இதுவும் போச்சு என்று கைப்பையை எடுத்தேன்.

அப்போதுதான் அடுத்த மேஜையில் சொத்தென்று சத்தம் கேட்டது. அவள் துப்பட்டாவில் ஒரு பிடி ஸ்பகெட்டி விழுந்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடி சுற்றினாள். மறுபடி நழுவியது. கன்னமெல்லாம் தக்காளிச் சாறு. அடக் கடவுளே, இங்கே வந்து சாப்பிடுகிறவளுக்கே சாப்பிடத் தெரியவில்லையே என்று நினைத்தேன்.

முள்கரண்டி அவளுடைய இடது கையில் இருந்தது.

யாரையும் சட்டை செய்யாமல், சிந்திச் சிந்தி, சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் அவளையே பார்த்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, இடது கையால் முள்கரண்டியை எடுத்தார். முதல் வாய் சட்டையில் போயிற்று. இரண்டாவது உள்ளே போயிற்று.

"ஏம்புள்ள, இதுல ரெண்டு பச்சமொளகாயக் கிள்ளிப் போட்டிருந்தா இன்னும் எடுப்பா இருந்திருக்குமல்ல?"

குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார்! எட்டு மாதம் கழித்து என் மனுஷன் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டார். அழுதால் எங்கே எழுந்துவிடுவாரோ என்று பயந்து, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் நானும் சாப்பிட்டேன்.

அவரை ஆட்டோவில் ஏற்றி உட்கார வைத்த பிறகுதான் என் கண்ணாடியை மேஜையிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. திரும்ப ஓடினேன்.

உள்ளே கூட்டம் கலைந்திருந்தது. சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு, அந்தத் துப்பட்டாக்காரி உட்கார்ந்திருந்தாள். மடியில் டிபன் டப்பா. தயிர்ச்சோற்றைப் பிசைந்து, வலது கையால் அள்ளி அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பருக்கை சிந்தவில்லை.

"ஓனரக்கா, ஊறுகா வேணுங்களா?" என்று உள்ளேயிருந்து யாரோ கேட்டார்கள்.

அவள் என்னைப் பார்த்துவிட்டு, திருட்டில் மாட்டிக்கொண்டவள்போல எழுந்து நின்றாள்.

"சார் நல்லா சாப்பிட்டாருங்களாக்கா?"

போனில் கேட்ட அதே குரல்.

எச்சில் கையென்று அவள் பின்னால் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். நான் விடவில்லை. சோறும் தயிருமாக அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "நீ நல்லா இருக்கோணும் சாமி" என்றேன்.