முதல் வீட்டுத் தேத்தண்ணி

ஜனாதிபதியாக ஆசைப்பட்டு மலையகத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் முதல் வீட்டில்தான் தேத்தண்ணி. முதல் வீடு தங்கேஸ்வரியுடையது. காது உடையாத ஒரே கோப்பையில் கொடுப்பாள். வாங்கியவர்கள் படம் எடுக்கும்வரை அதை உதட்டருகே பிடித்திருந்துவிட்டு, கூட வந்தவரிடம் நீட்டிவிடுவார்கள். ஒருவரும் குடித்ததில்லை.

"சம்பளம் கூட்டுவாரா, ரோடு போடுவாரான்னு பாருடி. நீ ஏன் வாயையே பாக்குற?" என்றாள் பக்கத்து வீட்டு மேரியக்கா.

"குடிக்கிறவருக்குத்தான்க்கா என் ஓட்டு."

"அப்ப இந்த ஜென்மத்துல நீ ஓட்டுப் போட்ட மாதிரிதான்!"

இன்று வந்தவர் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினார். ஆவி பறக்க ஊதினார். தங்கேஸ்வரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் யாரோ அவசரப்படுத்த, கோப்பையை அப்படியே வாசற்படியில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

தேயிலைச் சரிவில் இறங்கிய ஜீப், கீழே வளைவில் நின்றது. கதவு திறந்தது. யாரோ இறங்கினார்கள். மழைப்புகார் மூட்டத்தில் முகம் தெரியவில்லை.

"டயர் பஞ்சராயிருக்கும்" என்றாள் மேரியக்கா.

"இருக்கும்க்கா."

ஆறிப்போனதைக் கொட்டிக் கோப்பையைக் கழுவிவிட்டு, தங்கேஸ்வரி அடுப்பில் புதுத் தண்ணீர் வைத்தாள்.