வேலைச் சத்தம்

மூடிய கதவுக்குப் பின்னால் கீபோர்டு பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தது. ஹாலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார், மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாவம்டி மாப்பிள்ளை. அந்த ஆபீஸ்ல வேற ஆளே இல்லையா? எல்லாத்தையும் இவர் தலையிலேயே கட்டுறாங்க."

மகள் எழுந்து போய்க் கதவைத் தட்டினாள். சத்தம் நின்றது. கதவு ஒரு சாண் திறந்தது. அதற்கு மேல் அது திறந்து வெகு நாளாகிறது. இடுக்கில் அவன் முகம் மட்டும் தெரிந்தது.

"என்னம்மா? மீட்டிங்ல இருக்கேன்."

"ஏங்க, என் லேப்டாப்ல விரலால தேய்ப்போமே, அந்த இடம் மறுபடியும் செத்துப்போச்சு. கர்சர் நகரவே மாட்டேங்குது. இப்ப டெஸ்ட் ஆரம்பிச்சிடும். உங்க மௌஸைக் கொஞ்சம் குடுங்களேன்."

"இவ்வளவுதானே?" உள்ளே போய் மௌஸையும், அதன் வயிற்றுக்குள் செருகியிருந்த விரல்நுனி அளவு ரிசீவரையும் எடுத்து வந்து நீட்டினான். "இந்தத் துணுக்கை லேப்டாப்ல சொருகினா போதும், மௌஸ் தன்னால ஓடும்."

"அப்ப உங்களுக்கு?"

"நான் சமாளிச்சுக்கிறேன். நீ தைரியமா எழுது."

"உதறலா இருக்குங்க. இத்தனை வருஷம் கழிச்சு ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கு. கேமராவுல பார்த்துக்கிட்டே இருப்பாங்களாம். கண்ணை அங்க இங்க திருப்பினாக்கூட கேப்பாங்களாம்."

"நீ என்ன திருடவா போற? போ, போ."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு நாற்காலியில் வந்து விழுந்தான். மேசைமேல் கீபோர்டு மட்டும்தான் இருந்தது. அதற்கு எதிரே லேப்டாப் இல்லை, வெறும் சுவர்தான் இருந்தது.

ஆட்குறைப்பு என்று வீட்டுக்கு அனுப்பியபோதே லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் ஆபீஸ் வாங்கி வைத்துக்கொண்டது. கீபோர்டும் மௌஸும் அவன் தன் கைக்காசில் வாங்கிய வயர் இல்லாத ஜோடி. ஒரே டப்பாவில், இரண்டுக்கும் பொதுவான ஒரே ரிசீவரோடு வந்தவை. அதனால் அவை மட்டும் அவனோடு திரும்பி வந்தன.

வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. ஆசாமி தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, வெறும் கீபோர்டைத் தட்ட உட்கார்ந்துவிடுவான். அதிலும் ஒரு கிறுக்கு: கீபோர்டின் சுவிட்சைப் போட்டு, மூலையில் பச்சை விளக்கு எரிந்தால்தான் அவனுக்கு விரல் ஓடும்.

முதலில் வாய்க்கு வந்ததை, இல்லையில்லை, கைக்கு வந்ததைத் தட்டினான். பிறகு, கிணற்றில் போட்ட கல்தானே, எங்கே போகப்போகிறது என்று மனதில் இருப்பதையே தட்டத் தொடங்கினான். போனில் மெசேஜ் அனுப்புகிற மாதிரி, ஆங்கில எழுத்தில் தமிழ். யாரிடமும் சொல்ல முடியாததைச் சொல்ல அவனுக்கு இருந்த ஒரே இடம் அதுதான்.

விண்ணப்பம் போடாத கம்பெனி இல்லை. வயதைக் கேட்டதும் எல்லாரும் ஒரே மாதிரி சிரித்து அனுப்பினார்கள். மனைவியோ தன் கைச்செலவுக்கு ஆகுமே என்றுதான் இந்த டெஸ்டை எழுதுகிறாள். குடும்பமே அதில்தான் தொங்குகிறது என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கு அந்த வேலை கிடைத்துவிட்டால் அன்றைக்கே எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தான்.

பக்கத்து அறையில் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவது கேட்டது. பாவம், தொந்தரவு வேண்டாமே என்று இவன் கையை எடுத்தான்.

"மாப்பிள்ளை, என்ன சத்தத்தையே காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?" ஹாலிலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள்.

"அதெல்லாம் இல்லை அத்தை. வேலைதான்."

சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி தட்டத் தொடங்கினான். அவளிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தான். தட்டத் தட்டக் கண்ணில் நீர் கட்டியது. ஆனாலும் விரல் நிற்கவில்லை. இந்தச் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும், அவர் இருக்கார், நமக்கென்ன கவலை என்று அவள் தெம்பாக எழுதுவாள் என்று நினைத்து, இன்னும் வேகமாகத் தட்டினான்.

கதவு தட்டப்பட்டது. அதற்குள்ளாகவா என்று குழம்பியபடி போய்த் திறந்தான். மனைவி பேயறைந்த மாதிரி நின்றிருந்தாள்.

"என்னாச்சும்மா?"

"டெஸ்டை கேன்சல் பண்ணிட்டாங்க. இனிமே அந்தக் கம்பெனிப் பக்கமே வரக் கூடாதுன்னுட்டாங்க."

"ஏன், நீ என்ன பண்ணினே?"

"நான் ஒண்ணுமே பண்ணலைங்க. கேள்வியைப் படிச்சுட்டு, ரெண்டு கையையும் கன்னத்துல வெச்சு யோசிச்சுக்கிட்டிருந்தேன். பதில் எழுதுற கட்டத்துல எழுத்து தன்னால ஓட ஆரம்பிச்சிடுச்சு. யாரோ வெளியிலிருந்து உங்களுக்கு எழுதித் தர்றாங்கன்னு கேமராவுல பார்த்துக்கிட்டிருந்த அந்தம்மா கத்துறாங்க. எப்படி நிறுத்துறதுன்னே எனக்குத் தெரியலை. வரி வரியா ஓடிக்கிட்டே இருந்துச்சு."

அவன் திரும்பி மேசையைப் பார்த்தான். கீபோர்டின் மூலையில் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"என்னடி அங்க குசுகுசுன்னு? அவரை வேலை செய்ய விடு" என்றாள் மாமியார்.

மனைவி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அவனை நிமிர்ந்து பார்க்காமல், அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"வேலை போனதை வாயால சொல்லியிருக்கலாமேங்க."