சாம்பலியின் சொட்டை

ஒரு விறகுக் கொட்டகையில் அம்மா பூனையும் அதன் இரண்டு குட்டிகளும் இருந்தன. அண்ணன் செவலைக்கு உடம்பெல்லாம் பஞ்சு மாதிரி முடி. தங்கை சாம்பலிக்கு முடி கொட்டிக்கொண்டே வந்து, தலையில் பெரிய சொட்டை விழுந்திருந்தது.

தினமும் காலையில் அம்மா சாம்பலியை இழுத்து அணைத்துக்கொண்டு அந்தச் சொட்டையையே நக்கிக்கொண்டிருப்பாள். செவலை நெருங்கினால், "உனக்கென்னடா குறைச்சல்? போய் விளையாடு" என்று தள்ளிவிடுவாள்.

செவலைக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் அம்மா இரை தேடிப் போனதும், செங்கல் சுவரில் தலையைத் தேய் தேய் என்று தேய்த்தான். முடி உதிர்ந்து ரத்தம் கசிந்தது.

"ஏண்ணே இப்படிப் பண்ணினே?" என்று பதறினாள் சாம்பலி.

"அம்மா உனக்கு மட்டும்தானா? இனிமே என்னையும் நக்குவா."

"நக்குவா. ஆனா உன் மூஞ்சியைப் பார்க்க மாட்டா. போய் விளையாடுன்னு சொல்றப்பகூட உன் கண்ணைப் பார்த்துத்தான் சொல்றா. எனக்கு எவ்வளவு பொறாமையா இருக்கும் தெரியுமா? என்கிட்ட வந்தா, முடி முளைச்சிருக்கான்னு மட்டும்தான் பார்ப்பா."

வாசலில் அம்மா நின்றிருந்தாள். அவள் வாயிலிருந்த எலி நழுவி ஓடியது. அவள் துரத்தவில்லை. நேராகச் சாம்பலியிடம் வந்து, அவள் கண்களைப் பார்க்கக் குனிந்தாள்.

அதற்குள் சாம்பலி, வழக்கம்போல, தலையைத் தாழ்த்திச் சொட்டையைக் காட்டினாள்.