பச்சைக் கட்டம்

"சார், தனியா ஒரு வார்த்தை பேசணும்," என்றாள் நிலத்துக்காரி.

பேராசிரியர் மாணவர்களைப் பார்த்துக் கண் சிமிட்டினார். அகழாய்வுக்கு அனுமதி வாங்கியாயிற்று. இனித் தனியாகப் பேச என்ன இருக்கிறது? கூடக் கொஞ்சம் கறக்கப் பார்க்கிறாள்.

"எதுவானாலும் இவங்க முன்னாடியே சொல்லுங்கம்மா. எனக்கு ஒளிவுமறைவு கிடையாது."

அவள் மாணவர்களைப் பார்த்தாள்.

"பார்த்தீங்களா, நாலு பேர் முன்னாடி வாய் வரலை," என்றார் அவர், அவள் காதில் விழும்படியே.

செயற்கைக்கோள் படத்தை விரித்தார். காய்ந்து பழுப்பேறிய சோளக்காட்டின் நடுவே, அளவெடுத்து வெட்டியதுபோல் ஒரு பச்சைக் கட்டம்.

"மனுஷன் தோண்டின இடத்தை மண்ணு லேசில மறக்காது. பள்ளத்தை நிரப்பின மண்ணு ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். அங்கே மட்டும் பயிர் பச்சையா நிக்கும். கீழே ஏதோ பெரிய குளம் இருந்திருக்கு. குறைஞ்சது ரெண்டாயிரம் வருஷம். நான் மாணவனா அலைஞ்ச பகுதிதான் இது. அப்பவே எனக்கு ஒரு வாசனை அடிச்சுது."

"அறுவடை வரைக்குமாவது பொறுங்களேன், சார்."

"ரெண்டாயிரம் வருஷம் பொறுத்தாச்சும்மா."

மாணவர்கள் சிரித்தார்கள்.

கட்டத்தின் மேல் நின்ற பயிர் சாய்ந்தது. மண்வெட்டிகள் இறங்கின. பத்திரிகைக்காரர்களைச் சாயங்காலம் வரச் சொல்லியிருந்தார் பேராசிரியர். தலை வாரிக்கொண்டார்.

இடுப்பளவு ஆழத்தில் ஒரு மாணவி நிமிர்ந்தாள். "சார், பிளாஸ்டிக்."

நீலத் தார்ப்பாய். இழுத்தபோது கூடவே ஒரு தகரத் தகடும் வந்தது. 'குழி எண் மூன்று.' கீழே அவர்களுடைய பல்கலைக்கழக முத்திரை.

"நம்ம ஆளுங்களே முன்னாடி தோண்டியிருக்காங்க, சார். அந்தக் குழிதான் படத்துல தெரிஞ்சிருக்கு."

பேராசிரியரின் முகம் சிவந்தது. "எந்த மடையன் இவன்? தோண்டினா ஒரு பதிவு வேண்டாம்? ஏம்மா, நீங்களாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

அவள் குழியோரம் வந்தாள். மாணவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"அதுக்குத்தான் சார் தனியா கூப்பிட்டேன். அப்போ இது முள்ளுக்காடு. உங்களுக்கும் தொப்பை கிடையாது. மழைக்கு முன்னாடி வந்து மூடிடறேன்னு சொல்லிட்டுப் போனீங்க. கடைசியில நாங்கதான் மூடினோம். இந்தத் தடவையாவது மூடிட்டுப் போங்க."