யானைக்கு வால் தைத்த நாள்

ஜோடியைத் தொலைத்துவிட்டுப் பழந்துணி மூட்டையில் கிடந்த சாம்பல் நிறச் சாக்ஸைப் பூவிழியின் அம்மா வெளியே உருவினாள். நாலு வயது பூவிழிக்குப் பள்ளி விழாவில் யானை வேஷம். பழைய பேண்ட்டின் கால் ஒன்று பஞ்சடைத்துத் தும்பிக்கையாகிவிட்டிருந்தது. சாக்ஸை வாலாக வைத்துத் தைத்தாள் அம்மா.

"நானும் யானையாயிட்டேன்!" என்று துள்ளியது சாக்ஸ்.

"யானைன்னா நான்தான். நீ பின்னால தொங்கிட்டு வா. உன்னை யாரு பார்க்கப் போறா?" என்றது தும்பிக்கை.

"தொங்குறேண்ணே! மூட்டைக்குத் திரும்பாம இருந்தா சரி."

விழா நாளன்று திரை விலகியது. அத்தனை முகங்களையும் கண்டதும் பூவிழி அப்படியே நின்றுவிட்டாள். உதடு பிதுங்கியது. இதோ, அழப்போகிறாள்! தும்பிக்கை விறைத்துப்போனது. அப்போது அவளுடைய சின்னக் கை பின்னால் போய்த் துழாவி, வாலை இறுகப் பிடித்தது. சாக்ஸுக்கு மூச்சு முட்டியது.

"விடாதே பாப்பா, கெட்டியாப் பிடிச்சுக்கோ! தையல் பிஞ்சாலும் பரவாயில்லை!"

பூவிழி ஒரு காலைத் தூக்கி வைத்தாள். பிறகு இன்னொரு காலை. திடீரென்று அரங்கமே அதிரும்படி பிளிறினாள்! விசிலும் கைதட்டலும் கூரையைப் பிய்த்தன.

"பார்த்தியா, எல்லாம் எனக்குத்தான்!" என்று ஆடியது தும்பிக்கை.

சாக்ஸுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. பூவிழி அதைப் பிடித்தபடியே மேடையில் இரண்டாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தாள்.